வேலைக்குப் போகாத நாளின் கூலி

ஆமத்தூர் ஞானதீபத்துக்கு ஒரு கணக்கு மட்டும் தலைகீழ்ப் பாடம். மகள் ஜெனிட்டா ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே அவள் ஒரு மணி நேரம் நின்று வாங்குகிற சம்பளமும், இங்கே பட்டாசுக் கம்பெனியில் ஞானதீபம் மூன்று நாள் குனிந்து வாங்குகிற கூலியும் ஒன்று.

கம்பெனி விஸ்வநத்தம் பக்கம். காலையில் வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கும். ஞானதீபம் கம்பி மத்தாப்பை டப்பாவில் அடைத்து லேபிள் ஒட்டுகிறவள். டப்பாவுக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் கூலியும் நின்றது. ஒன்றுக்கு முட்டினால்கூட இன்னும் நாலு டப்பா முடியட்டும் என்று அடக்கிக்கொள்கிற பெண்கள் அந்த அறையில் உண்டு. மழை பெய்தால் வேலை இல்லை, அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் வேலை இல்லை, தீபாவளி முடிந்தால் கொஞ்ச நாளைக்கு வேலையே இல்லை. அந்த நாளில் அடுப்பு எரிவது அவரவர் சாமர்த்தியம். பிள்ளைக்குக் காய்ச்சலோ, வீட்டில் சாவோ, வராத நாளுக்குக் காசு கேட்டவர்கள் அங்கே யாருமில்லை. கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

பக்கத்தில் உட்காருகிற மாரிச்செல்விக்கு ஜெனிட்டாவின் சம்பளத்தைப் பேசி அலுக்காது. நாலு டப்பாவை ஒட்டி முடிப்பதற்குள், “இந்நேரம் ஒங்க மக நம்ம மூணு நாளையும் முடிச்சிருப்பாக்கா” என்பாள். அறையே சிரிக்கும். ஞானதீபமும் சிரிப்பாள். பெருமையில் அன்றைக்குக் கை கொஞ்சம் வேகமாகவும் ஓடும்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கோடு, வராத நாளுக்குக் கூலி இல்லை என்கிற தன் கம்பெனிச் சட்டத்தையும் சேர்த்து ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டாள் ஞானதீபம். போன கிறிஸ்துமசுக்கு முந்தின கிறிஸ்துமசுக்கு, லீவு போட்டு வரட்டுமா என்று ஜெனிட்டா கேட்டாள். தாய் வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு மாதம் இங்கே வந்து உட்கார்ந்தால் ஒரு மாதச் சம்பளம் தண்ணீரில் போட்ட மாதிரி அல்லவா? போன கிறிஸ்துமசுக்கும் அதே கேள்வி, அதே பதில். “வேலையப் பாரு பாப்பா, பொறவு வரலாம்.” மகள் அனுப்பிய பணத்தில் ஒரு ரூபாயை அவள் தனக்கென்று தொட்டதில்லை. எல்லாம் மகள் பெயரில், மகள் கல்யாணத்துக்கு.

இது ஜெனிட்டாவுக்குத் தெரியுமா? ‘வராதே’ என்கிற தாயை எந்த மகள்தான் வேறு மாதிரி நினைப்பாள்? தன்னைவிடத் தன் சம்பளம்தான் வீட்டுக்குப் பெரிதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வீம்புக்காரி, அதைச் சொல்லவும் இல்லை. ஊருக்கு வருகிற பேச்சையே விட்டுவிட்டாள்.

இந்தச் சித்திரையில் இன்பராஜுக்கு இருமல் பிடித்தது. ஞானதீபத்தின் புருஷன் இன்பராஜ் லோடுமேன், லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிறவர். பெட்டி தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போன ஆள், ஆடி பிறப்பதற்குள் ஒட்டி உலர்ந்துபோனார். நெஞ்சில் கட்டி, முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்போது சீசன். ஊரெல்லாம் ஆர்டர். கஞ்சியையும் மாத்திரையையும் தலைமாட்டில் வைத்துவிட்டு ஞானதீபம் வேன் ஏறினாள். ஏறாமல் என்ன செய்வாள்? அவர் தோள் சம்பாத்தியமும் நின்றுபோயிருந்தது. ஜெனிட்டா வீடியோவில் வருகிற நாளில் அவருக்குச் சட்டை மாட்டி, தலை சீவி, சுவரில் சாய்த்து உட்கார வைப்பாள். குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று மகள் கேட்டால் சளி என்பாள். அவரும் தலையாட்டுவார்.

ஒருநாள் விடியக்காலம் அவர் மெல்லக் கேட்டார்.

“பாப்பாவ ஒரு எட்டு வரச் சொல்லுவமா?”

“இப்ப வந்தா சம்பளம் போயிரும்லங்க. கிறிஸ்துமசுக்கு வரட்டுமே. நல்லா ஆயிருவீக.”

இன்பராஜ் மல்லாந்து கூரையைப் பார்த்தார். அவரும் ஆயுசு முழுக்கப் பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்கினவர்தானே. அவருக்கு மட்டும் வேறு உலகம் எப்படித் தெரியும்?

“அதுவும் சரிதான்” என்றார். பிறகு, “அப்ப நீயாச்சும் இன்னைக்கு இரேன்” என்றார்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. சாயங்காலம் வெள்ளென வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மகளைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. புரட்டாசியில் ஒரு மத்தியானம் அடங்கிப்போனார். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேன் வந்து சொல்லித்தான் ஞானதீபத்துக்குத் தெரிந்தது.

ஜெனிட்டா மறுநாள் ராத்திரி வந்து சேர்ந்தாள். பிரீசர் பெட்டியின் கண்ணாடிக்குள் அப்பா முகம் இருந்தது. கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். காலையில் கோயில் மணி அடித்து, ஜெபம் பண்ணி, கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார்கள்.

கூட்டம் கலைந்து தாயும் மகளும் தனியாக உட்கார்ந்திருந்தபோது, கட்டையில் போகும்வரை மாறாத புத்தி, ஞானதீபம் மகளிடம் அதைத்தான் கேட்டாள்.

“நாலு நாள் இங்கன இருந்தா சம்பளத்தப் பிடிப்பாகளே பாப்பா?”

“பிடிக்க மாட்டாங்கம்மா. அப்பா இறந்ததுக்குன்னு ரெண்டு நாள் குடுத்திருக்காங்க. மத்தது என் லீவு. வருசத்துக்கு ஒரு மாசம் உண்டு, சம்பளத்தோட.”

“வேல செய்யாததுக்கா?”

“ஆமாம்மா.”

ஞானதீபம் மகள் முகத்தையே பார்த்தாள்.

“அவரு செத்த பொறவு வந்ததுக்குத் தாராக. உசுரோட இருக்கையில வந்திருந்தா?”

“அப்பவும் உண்டும்மா. போன வருசமும் இருந்துச்சு. நீ வரவேண்டாம்னுட்ட. அந்த லீவு பூரா ரூமுலயேதான் கெடந்தேன்.”

தாய் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், சரிதான் என்று அவர் ஒப்புக்கொண்டதையும் ஒன்றுவிடாமல் மகளிடம் சொன்னாள். ஜெனிட்டா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஞானதீபத்துக்குத் தாங்கியிருக்கும்.

“சும்மா இருந்தாலும் கூலி தருவாகன்னு நான் எங்கன பாப்பா கண்டேன்” என்றாள். “அவருக்கும் தெரியாதே. தெரியாமலே சரின்னுட்டுப் போயிட்டாரே.”

மகள் அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். இத்தனை வருஷம் ஒருவருக்கொருவர் மிச்சம் பிடித்ததெல்லாம் எதற்கு என்று தெரியாமல் அழுதார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை வழக்கம்போல் வேன் வந்து ஹாரன் அடித்தது. பழக்கத்தில் ஞானதீபம் எழுந்து சோறு கொண்டுபோகிற சட்டியைக்கூடத் துடைத்துவிட்டாள். பாயில் ஜெனிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

“நான் வரல தம்பி” என்றாள் டிரைவரிடம். “வீட்ல ஆளு இருக்கு.”

வேன் போய்விட்டது. அது இவ்வளவு லேசாகப் போய்விடும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் ஆள் இருக்கிறது என்று இதே வாசலில் நின்று அவள் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். உள்ளே வந்து, இன்பராஜ் படுத்திருந்த இடத்தில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.