சூடாமணிக்குத் தர மறுத்த மதிப்பெண்

திருவனந்தபுரம் கரமனையைச் சேர்ந்த சூடாமணி, 1944-இல் இன்ஜினியரிங் படிப்பின் ஒரு பகுதியாகச் சென்னை மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் ஆறு மாதம் பயிற்சி பெற்றாள். பெண் என்பதால் சான்றிதழில் அவளைப் ‘பார்வையாளர்’ என்று எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்த கல்லூரி அதிகாரி நாகேஸ்வரன் பயிற்சிக்கான மதிப்பெண்ணைத் தர மறுத்தார்.

“பொம்மனாட்டியை மெஷின் கிட்ட விட்டிருப்பாளா? சுத்திப் பாத்துட்டு வந்திருப்பே.”

சூடாமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“நாப்பது மோட்டாருக்குக் கம்பி சுத்தியிருக்கேன் சார்! என்னோட வந்த பசங்க பாதி நாள் சினிமாவுக்குப் போனா. அவாளுக்கு முழு மார்க், நேக்கு ஒண்ணுமில்லையா?”

தான் செய்த வேலையை எழுதி, தொழிற்சாலை மேஸ்திரியிடம் தினமும் கையெழுத்து வாங்கிய நோட்டை அவர் மேஜையில் விரித்துப் போட்டாள். கல்லூரிக் குழு அதை ஏற்று மதிப்பெண் தர நான்கு மாதமாயிற்று. அதற்குள் அந்த வருஷத்து வேலைகளெல்லாம் அந்தப் பையன்களுக்குப் போயிருந்தன.