சாச்சியின் அறைக்குப் போன பிள்ளை

தொழுவதற்கு முன்னால் என் மனைவி நஸ்ரியா ஒரு கடற்கொள்ளைக்காரனின் முகத்தைத் துவாயால் மூடினாள். வேறு வழியில்லை. கைத்தொலைபேசி காட்டிய கிப்லாத் திசையில், மக்காவை நோக்கிய சுவரை அடைத்த படமாக அவன்தான் நின்றான். ஒரு கண்ணில் கறுப்புப் பட்டி, தோளில் கிளி, வாயில் கத்தி. தலையணையில் மண்டையோடு, குளியலறைத் திரையில் மண்டையோடு. இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பூங்காக்களோடு சேர்த்து இப்படி ஹோட்டல்களும் கட்டி வைத்திருக்கிறார்கள். பகலெல்லாம் ராட்டினத்தில் சுற்றித் தலை கிறுகிறுத்தவர்கள் இரவில் கள்ளனின் அறையில் படுத்துறங்க வேண்டுமாம்! "மலக்குமார் இந்த அறப் பக்கம் எட்டியும் பாக்கமாட்டாங்க" என்று, உருவப்படம் உள்ள இடத்துக்கு வராத வானவர்களை நினைத்து முணுமுணுத்தபடி அவள் பின்னேரத்து அஸர் தொழுகைக்குத் தக்பீர் கட்டப் போனாள். எங்கள் மகள் அமானாவுக்கு ஐந்து வயது. "கள்ளன்ட மூக்க மூடாதீங்க உம்மா, மூச்சு முட்டும்" என்று அவள் கெஞ்ச, நான் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இலங்கையில் கல்முனைப் பக்கத்து முஸ்லிம்களைத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்களிடம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போக வேண்டும். நான் மருதமுனையில் பிறந்து, சாய்ந்தமருதுக்கு அப்படிப் பெட்டி தூக்கிப் போனவன். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றவர்களின் கடமை. அதனால் ஒரே வளவுக்குள் ராத்தா என்கிற அக்காவின் வீடு, தங்கச்சியின் வீடு என்று வரிசையாக எழும்பும். உம்மாவின் தங்கை பிள்ளைகளுக்குச் சாச்சி. காலையில் உம்மா சோறூட்டிய வாயைப் பகலில் சாச்சி கழுவிவிடுவாள், பின்னேரம் யார் தலை சீவிவிட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது. "புள்ள எங்க?" "சாச்சி வீட்ட." விசாரணை அத்தோடு முடிந்தது. இதில் எனக்கு எரிச்சலும் உண்டு, மறைப்பானேன். என் பிள்ளையை நான் ஒரு அதட்டு அதட்டினால் மூன்று வீட்டிலிருந்து பெண்கள் ஓடிவந்து என்னை அதட்டுவார்கள். நஸ்ரியாவின் தங்கை ரிஸானாவும் அவள் கணவன் பாயிஸும் இங்கே வந்தபோதும் எங்கள் தெருக்கோடியிலேயே வீடு எடுத்தார்கள். நானும் நஸ்ரியாவும் மாறி மாறி வேலைக்குப் போவதால் அமானா வாரத்தில் பாதி நாள் சாச்சியிடம்தான். இங்கிலாந்துக்கு வந்தும் நாங்கள் அந்த வளவை விட்டு வெளியே வரவில்லை.

ஒக்டோபர் விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் அந்த ஹோட்டலுக்குப் போனோம். பக்கத்துப் பக்கத்து அறைகள் கிடைக்கவில்லை. எங்களுக்கு முதலாம் மாடி, ரிஸானா குடும்பத்துக்கு மூன்றாம் மாடி. நஸ்ரியா தொழுகையில் நின்றாள். நான் களைப்பில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து கிடந்தேன். "வாப்பா, நான் சாச்சிட்டப் போறன்" என்று அமானா சொன்னாள். "ம், ஓடு" என்றேன். அந்தக் கதவு தானாகவே மூடிப் பூட்டிக்கொள்ளும் கதவு. அது மூடிய சத்தம் கேட்டது. நான் நன்றாகத் தூங்கிப்போனேன்.

வெளியே இருட்டிய பிறகு மஃரிபைத் தொழுதுவிட்டு நாங்கள் கீழே சாப்பாட்டுக்கு இறங்கினோம். பாயிஸ் ஏழு பேருக்கு மேசை பிடித்து வைத்திருந்தான். ரிஸானா தன் இரண்டு மகன்மாருக்கும் பொரித்த உருளைக்கிழங்கைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்க ராத்தா அமானா?"

"பகிடி விடாதகா" என்று நஸ்ரியா மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். "உன்னோடதானே இருந்த."

"என்னோடயா? அவ எங்கட அறைக்கே வரல்லயே!"

யா அல்லாஹ்! அந்தக் கணத்தை எழுத எனக்குச் சொல் போதாது. ஹோட்டலுக்கு முன்னால் ஒரு குளம் வெட்டி அதில் மரக்கப்பல் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். சுனாமியன்று கடல் ஊருக்குள் ஏறி வந்ததைக் கண்ட எங்களுக்குப் பிள்ளையைக் காணவில்லை என்றதும் வேறெதுவும் தோன்றாது, தண்ணீர்தான் தோன்றும். பாயிஸ் உடுத்த உடுப்போடு குளத்துக்குள் இறங்கினான். அது முழங்காலளவுத் தண்ணீர்தான், ஆனாலும் அவன் குனிந்து இரண்டு கையாலும் அடியைத் துழாவிக்கொண்டே போனான். நஸ்ரியா ஒவ்வொரு மாடியாக ஓடி, "அமானா! அமானா!" என்று அலறிக்கொண்டு கண்ட கதவையெல்லாம் தட்டினாள். எல்லாக் கதவும் ஒரே மாதிரி, எல்லாக் கதவிலும் மண்டையோடு. திறந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பயந்து சாத்திக்கொண்டார்கள்.

நான் வரவேற்பு மேசைக்கு ஓடினேன். "ஸ்பீக்கரில் சொல்லுங்கள்! மஞ்சள் ஜக்கெட், பெயர் அமானா. கண்டவர்கள் இங்கே கொண்டுவந்து விடட்டும்" என்றேன். அங்கே நின்ற இளைஞன் மிகவும் மரியாதையாக, "பிள்ளைகளின் பெயரை நாங்கள் ஒலிபெருக்கியில் சொல்வதில்லை, சேர். கூடாதவர்களின் காதிலும் விழும். பிள்ளையைக் கடைசியாக எப்போது கண்டீர்கள்?" என்றான். கூடாதவர்கள்! நான் சிறுவனாக இருந்தபோது கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்ற விழாவில் தொலைந்துபோனேன். பள்ளி ஒலிபெருக்கியில் என் வாப்பாவின் பெயரையும் நான் உடுத்திருந்த சாரத்தின் நிறத்தையும் சொன்னார்கள். கேட்டவர்கள் எல்லாரும் தேடினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தன் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். என் கையில் அவர் வாங்கித் தந்த ஐஸ்பழம். "புள்ளய எப்ப கடைசியாக் கண்ட?" என்று என் வாப்பாவிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இருப்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

இளைஞன் யாருக்கோ தொலைபேசி எடுத்தான். "மஞ்சள் ஜக்கெட்டா?" என்று மெல்லக் கேட்டான். பிறகு எங்கள் எல்லாரையும் பின்பக்கத்து அறையொன்றுக்குக் கூட்டிப்போனான். அங்கே அமானா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ்! சாச்சியின் அறை என்று நினைத்து வேறொரு மாடியில் ஒரு கதவைத் தட்டியிருக்கிறாள். வயதான வெள்ளைக்காரத் தம்பதி திறந்திருக்கிறார்கள். இவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், கட்டிலில் ஏறியிருந்து டீவியைப் போடச் சொல்லியிருக்கிறாள். ஊரில் எந்த வீட்டுக்குள் போனாலும் அவள் செய்வது அதுதான். அறை இலக்கம் சொல்லத் தெரியாத அவளை அவர்கள்தான் ஹோட்டல்காரர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

அவளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒரு பெண் இருந்தாள். எங்களைக் கண்டதும் அமானா ஓடிவந்தாள். ஓடிவந்தவள் பெற்ற உம்மாவைத் தாண்டிப் போய் ரிஸானாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரிஸானாவுக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு. அழுதுகொண்டே, "மை டோட்டர், மை டோட்டர்" என்றாள். "ஷீ இஸ் மை டோட்டர்" என்று நஸ்ரியா கையை நீட்டினாள். அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களில் யார் தாய்?"

"போத்" என்றாள் ரிஸானா, இரண்டு பேரும் என்று. எங்கள் ஊரில் அதுதான் உண்மை. தங்கச்சிக்கு ராத்தாவின் பிள்ளை தன் பிள்ளைதான். ஆனால் அது அந்த அறைக்குள் சொல்லக்கூடாத உண்மை.

"பிள்ளை அறையை விட்டு வெளியே போனபோது அவள் யாருடைய பொறுப்பில் இருந்தாள்?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"எங்கள் எல்லாருடைய பொறுப்பிலும்."

"எல்லாரும் என்றால்?"

"நாங்கள் நாலு பேரும்."

"அப்படியென்றால் ஒருவருமில்லை" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். நடந்ததை நகரசபையின் சிறுவர் பிரிவுக்கு அறிவிப்பது தன் கடமை என்று சொல்லி, எங்களுக்குத் தண்ணீரும் தந்து அனுப்பினாள்.

நடைபாதைக்கு வந்ததும் நஸ்ரியா தங்கச்சி மேல் பாய்ந்தாள். "நீ ஏன்கா வாயத் திறந்த? நாளைக்கு என்ட புள்ளயப் புடிச்சிக்கிட்டுப் போனா நீயா வந்து பதில் சொல்லுவ?" ரிஸானா அமானாவைக் கீழே இறக்கிவிட்டாள். பிள்ளை அவளுடைய முக்காட்டுத் தாவணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, விரல் விரலாகப் பிரித்தெடுத்துவிட்டு லிஃப்டுக்குள் போனாள்.

வீடு திரும்பிய பிறகு, சமூக சேவகி ஒருவர் வருவார் என்று நகரசபையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் மனிதனாக இருக்கவில்லை. இங்குள்ள நம்மவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாக் கதையும் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் காரில்தான் முடிந்தது. உண்மையா பொய்யா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. சோறு இறங்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே துஆ ஓதினேன். தாயையும் பிள்ளையையும் சாய்ந்தமருதுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். "இப்ப போனா ஓடிட்டாங்க எண்டுதான் நினைப்பாங்க" என்றாள் நஸ்ரியா. ரிஸானாவை வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஏன் என்று அவள் கேட்கவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிள்ளைக்கு நானே பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

"உன்ன ஆரு பாத்துக்கிற?"

"உம்மாவும் வாப்பாவும்."

"வேற?"

"சாச்சி."

"இல்ல மகள். வேற ஒருத்தருமில்ல. சாச்சி ஹோட்டலுக்கு மட்டும்தான் வந்த."

"சாச்சி என்ன செஞ்ச வாப்பா?"

"ஒண்டும் செய்யல்ல."

"அப்ப ஏன்?"

"வாப்பா சொல்றத்தச் சொல்லு" என்று அதட்டினேன். இந்த முறை என்னைத் திருப்பி அதட்ட யாரும் ஓடிவரவில்லை. பிள்ளை பாடமாக்கிக்கொண்டது.

சமூக சேவகி சிறுவயதுக்காரி, நல்ல பெண். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அமானாவின் கட்டிலைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள், நஸ்ரியா கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்தாள். ஹோட்டலில் இருந்த சாச்சி பிள்ளையை எத்தனை தரம் பார்த்துக்கொள்வாள் என்று கேட்டாள். "பார்த்துக்கொள்வதில்லை. அந்த விடுமுறைக்கு மட்டும் எங்களோடு வந்தாள்" என்று சொன்னேன். நஸ்ரியா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் உன்னைப் பார்த்துக்கொள்வது என்று கேட்டதற்கு அமானா ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். "இதற்கு மேல் நாங்கள் வரவேண்டிய தேவை இருக்காது என்று நினைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தவள், ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

எதிர்ப்பக்க நடைபாதையில் ரிஸானா நின்றாள். வருகை அன்றுதான் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கையில் மூடிய ஏனம். வட்டிலப்பமாக இருக்க வேண்டும், அமானாவுக்கு அதென்றால் உயிர். வாசலில் தெரியாத காரைக் கண்டு, வருவதா போவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டாள். ஜன்னலில் பிள்ளையைக் கண்டதும் அவள் கை பாதி உயர்ந்தது.

"அந்தப் பெண் உங்கள் வீட்டைத்தான் பார்க்கிறாள். உனக்குத் தெரிந்தவளா?" என்று சமூக சேவகி அமானாவிடம் கேட்டாள்.

இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அமானா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "நெய்பர்" என்றாள். கையசைக்கவில்லை. ஜன்னலை விட்டு விலகி வந்து நாற்காலியில் இருந்துகொண்டாள். என் பிள்ளை எங்களோடு இருக்கப்போகிறாள் என்பது அந்தச் சொல்லோடு நிச்சயமாயிற்று.

கார் தெருமுனையைத் தாண்டியதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "வா புள்ள, உள்ளுக்கு வா" என்று ரிஸானாவைக் கூப்பிட்டேன். அவள் ஏனத்தை மேசையில் வைத்தாள். நஸ்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். ரிஸானா நிலத்தில் முழந்தாளிட்டு இரண்டு கையையும் விரித்தாள்.

"வா என்ட மகள்."

அமானா நாற்காலியிலிருந்து இறங்கினாள். இரண்டு அடி வைத்தாள். நடுவீட்டில் நின்றுவிட்டாள். சாச்சியின் கைகளைப் பார்த்தாள், மூடிய கதவைப் பார்த்தாள், பிறகு என்னிடம் மெல்லக் கேட்டாள்:

"இப்ப அவங்க சாச்சியா, வாப்பா?"