சுவரில் பெய்த மழை

தெரிந்தவர்கள் எல்லோரும் அவளைத் ‘திரைக்காரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்கும் வாக்குச்சாவடிக்கும் மட்டும் பயன்பட்டது. டி.வி. விற்கும் பெரிய கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. வரிசையாக மாட்டியிருந்த பெட்டிகளில் என்ன படம் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அங்கே அவள் வேலை. கார் பந்தயம் போட்டால் ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மழை பெய்யும் தெருவைப் போட்டால் கையில் இருக்கும் பையைக் கீழே வைப்பார்கள். பையைக் கீழே வைத்தவன் சீக்கிரம் கிளம்ப மாட்டான் என்று அவள் கண்டுகொண்டாள். கடையை இழுத்து மூடியபோது அங்கிருந்து அவள் எடுத்துவந்த சம்பாத்தியம் அதுதான்.

அவளுடைய தாய்மாமா ஒரு பார் நடத்திவந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், வாய் ஓயாது, கண்ணும் ஓயாது. சோகப் பாட்டு ஒன்று கேட்டாலே தோளில் கிடக்கும் மேசை துடைக்கிற துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பார் நிலவறையில் இருந்தது. முன்பு சிமெண்டு மூட்டை அடுக்கிய இடம். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் ஈர வாசனை போகவில்லை.

“இந்த வயித்துக்குள்ள யாரு மாமா வந்து உக்காருவா? ஒரு ஜன்னல்கூட இல்ல.”

“ஜன்னல் வெச்சா மண்ணுதான்டி தெரியும். மண்ணைப் பாக்கத்தான் கடைசியா எல்லாரும் போகப்போறோமே, இப்பவே எதுக்கு?”

அந்தப் பேச்சில்தான் அவளுக்கு யோசனை பிறந்தது. மூன்று நீளத் திரைகளை நெட்டுக்குத்தலாகச் சுவரில் பதித்தாள். சுற்றி மரச்சட்டம் அடித்து, கீழே கோப்பை வைக்கிற அளவுக்குப் பலகை வைத்து, இரண்டு பக்கமும் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டாள். பார்த்தால் ஜன்னல்தான். அதற்கான மழையைத் தன் வீட்டு மாடியிலிருந்தே படம் பிடித்தாள். பொழுது சாயும் நேரம், நல்ல மழை, தெருவிளக்கு ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகிறது, எதிரே சலவைக் கடை வாசலில் மஞ்சள் வெளிச்சம் தண்ணீரில் கலங்குகிறது. வெளியே இருட்ட இருட்டத் திரையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொண்டே வரும்படி அமைத்தாள். கல்லாவுக்குப் பின்னால் புட்டிகள் தேன் நிறத்தில் மின்னின. வந்தவர்கள் குடையைத் தேடினார்கள். மாமாவின் பாதாளத்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

அந்த மழையில் ஒருத்தி வருவாள். சலவைக் கடை அக்கா. ஷட்டரை இறக்க வெளியே வந்து, நனைந்த முடியை இடது கையால் ஒதுக்கி, வானத்தைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு, ஒரு காலைச் சற்று இழுத்தபடி உள்ளே போவாள். கண்மூடித் திறக்கிற நேரம்தான். அந்தச் சிரிப்புக்காகவே அந்தக் காட்சியைத் திரைக்காரி நடு ஜன்னலில் போட்டிருந்தாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மழையைப் படம் பிடிக்க யாரிடம் கேட்பது?

ஒரு வாரமாக ஒருவர் தினமும் பார் திறந்த கையோடு வந்து நடு ஜன்னலுக்கு எதிரே உட்காருவதாக மாமா சொன்னார். “தங்கமான மனுஷன். தண்ணி குடுத்தாக்கூட நெஞ்சுல கை வெச்சு நன்றி சொல்றாரு.”

வெளிச்சத்தைச் சரிபார்க்கப் போன மாலையில் திரைக்காரியும் அவரைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டை, மழித்த முகம். மற்றவர்கள் இருக்கிற சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சாய்ந்திருந்தார்கள். இவர் மட்டும் நாற்காலி நுனியில் இருந்தார். கோப்பையைக் கையிலிருந்து இறக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

“தங்கச்சி, இந்தப் படம் நீங்க எடுத்ததாமே? அருமையா இருக்கு. எந்தத் தெரு இது?”

சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். அந்த நொடியில் திரையில் அக்கா வெளியே வந்தாள். அவருடைய கண் திரைக்குப் போனது. உதடு சத்தமில்லாமல் எதையோ முணுமுணுத்தது. கோப்பையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின.

“நான் எடுக்கலண்ணா. விலைக்கு வாங்கினது” என்றாள். ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவர் போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். நீளமான கூந்தல், கொஞ்சம் பூசினாற்போல் முகம். ஆனால் அக்காதான்.

“என் சம்சாரம். மனசு சரியில்லாதவ. மாத்திரை சாப்பிடணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வீட்ட விட்டுப் போயிட்டா. உயிரோட இருக்காளான்னுகூடத் தெரியாம இருந்தேன், தங்கச்சி.” சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. பக்கத்தில் நின்ற மாமா துணியை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

திரைக்காரிக்கும் மனம் இளகத்தான் செய்தது. ஆனாலும் ஏதோ ஒன்று முள்ளாக நின்றது. மாமாவை ஓரமாக இழுத்துப்போய்ச் சொன்னாள்: “மாமா, நீங்க வாயே திறக்கக்கூடாது. நான் போய் அந்தக்காகிட்டயே கேட்டுட்டு வந்துடறேன். படத்தையும் நிறுத்தாதீங்க, சந்தேகம் வரும்.”

“சரிம்மா, சரி. ஆனா பாவம்டி அந்த மனுஷன்.”

பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தாள். அக்கா கடையில் தனியாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பேயறைந்தது போல நின்றாள். கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி யாருடையதோ வெள்ளைச் சட்டைமேல் அப்படியே இருந்தது. கருகல் வாசனை வந்த பிறகுதான் திரைக்காரி அதைத் தூக்கி வைத்தாள்.

“அழுதாரா?” என்று அக்கா கேட்டாள்.

“ஆமாக்கா. ரொம்ப.”

“அழுவாரு. அடிச்சு முடிச்சதும் அவர்தான் உக்காந்து அழுவாரு. நான் தேத்தணும். மாடிப்படியிலேருந்து தள்ளிவிட்டு இந்தக் கால் ஒடஞ்சப்பவும், ஆஸ்பத்திரியில எல்லாரும் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னாங்க.”

அக்கா அவளையே பார்த்தாள்.

“என்னையப் படம் புடிச்சியா நீ?”

“மழையைத்தான்கா எடுத்தேன். நீங்க அதுல...”

“கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனே.”

அக்கா துணி மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பையை இழுத்தாள். எப்போதோ கட்டி வைத்த பை. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. முன் ஷட்டரை இருவருமாக இறக்கினார்கள். பின்னால் குறுகிய சந்து இருந்தது. அதன் வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாமல் பெரிய சாலையைப் பிடித்துவிடலாம். அக்கா பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபோது திரைக்காரியின் போன் அடித்தது. மாமா.

“அம்மாடி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“சொல்லிட்டீங்களா?”

“மனுஷன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரும்மா. எனக்குத் தாங்கல. தெருப் பேரைச் சொல்லி, உன் வீட்டுக்கு எதிர்க் கடைதான்னும் சொல்லிட்டேன். அதோட விட்டாப் பரவாயில்ல. படியேறப் போனவரு திரும்பி, ‘அந்தக் கடைக்குப் பின்வாசல் இருக்கா’ன்னு கேட்டாரு. இருக்குன்னேன். போன பிறகுதான் எனக்கு உறைச்சுது. நான் கிளம்பி வந்துட்டிருக்கேன், வழியிலதான் இருக்கேன்.”

“அவர் எப்ப கிளம்பினாரு மாமா?”

“நீ போயிக் கொஞ்ச நேரத்துல. கார்ல.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மாமாவின் வாய் கெடுத்தது இன்னொருத்தியை. திரைக்காரி போனை இறக்கினாள். “அக்கா, தாழ்ப்பாள்லேருந்து கைய எடுங்க” என்றாள் மெதுவாக.

அக்கா கையை எடுத்தாள். கதவின் மறுபக்கத்தில் யாரோ விரல் கணுவால் தட்டினார்கள். அவசரமில்லாத தட்டல்.

“நான்தான். கதவத் தொற. ஒண்ணும் செய்ய மாட்டேன். பேசிட்டுப் போவோம்.”

கதவு பழைய தகரக் கதவு. அவர் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். தாழ்ப்பாள் சட்டத்தில் கீச்சிட்டது. “உள்ள இருக்கேன்னு தெரியும். துணி கருகின வாசனை வருது” என்றார் அதே குளிர்ந்த குரலில்.

ஓடி ஒளிகிற நேரம் தாண்டிவிட்டது. திரைக்காரி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து முன்பக்கம் இழுத்தாள். ஷட்டரை ஒரே மூச்சில் தூக்கினாள். அலுவலகம் விடுகிற நேரம், பஸ் நிறுத்தத்தில் கூட்டம். “மருந்துக்கடை அண்ணே! போலீசுக்குப் போன் போடுங்க!” என்று அவள் கத்திய கத்தலில் தெருவே திரும்பியது. வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து அக்காவை நிறுத்தி, பக்கத்தில் தானும் நின்றாள்.

அவர் பின்சந்து வழியாகச் சுற்றி வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். கூட்டத்தைப் பார்த்துப் புன்னகையோடு நெஞ்சில் கை வைத்தார். “மன்னிக்கணும். என் சம்சாரம். மனசு சரியில்லாதவங்க. தங்கச்சி, கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி.”

கூட்டம் குழம்பியது. “குடும்ப விஷயம்னா நமக்கெதுக்கு” என்று ஒருவர் நகர்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அக்கா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அக்காவின் கணவர் கையை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னே வைத்தார். திரைக்காரி குறுக்கே நின்றாள்.

அப்போதுதான் வாடகைக் கார் ஒன்று கிறீச்சிட்டு நின்று, தோளில் துணியோடு மாமா இறங்கினார். மூச்சு வாங்கியது. நேராக அந்த மனிதருக்கும் பெண்களுக்கும் நடுவில் போய் நின்று கூட்டத்தைப் பார்த்தார்.

“எல்லாரும் கேளுங்க. இவரு என் கடையில உக்காந்து பொண்டாட்டியைக் காணோம்னு அழுதாரு. நானும் நம்பினேன், முட்டாள். போகும்போது பின்வாசல் இருக்கான்னு கேட்டாரு. காணாமப் போன பொண்டாட்டியப் பாக்கப் போறவன் வாசல் எங்கன்னு கேப்பான். பின்வாசல் எதுக்குங்க கேக்கணும்?”

நகர்ந்தவர் திரும்பி வந்து நின்றார். மருந்துக்கடைக்காரர் மேசையைத் தாண்டி இறங்கி வந்தார். அந்த மனிதரின் முகத்தில் முதல்முறையாகப் புன்னகை சரிந்தது. அதன் கீழே இருந்த முகத்தைக் கூட்டம் பார்த்தது.

“என் கால ஒடச்சது இவர்தான்” என்றாள் அக்கா. சின்னக் குரல்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

போலீஸ் வந்தபோதும் அவர் நெஞ்சில் கை வைத்துத்தான் பேச ஆரம்பித்தார். வந்திருந்த அதிகாரி ஒரு பெண். அவரைக் கையமர்த்திவிட்டு, அக்காவைத் தனியே கூட்டிப்போய் நெடுநேரம் கேட்டாள். பிறகு அவரை வண்டியில் ஏறச் சொன்னாள். வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது, ஆனால் அது வெகுநாள் கழித்து.

அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் கடைச் சாவியைக் கொண்டுவந்து திரைக்காரியிடம் கொடுத்தாள், கடைச் சொந்தக்காரரிடம் சேர்த்துவிடச் சொல்லி. திரைக்காரி அழத் தொடங்கினாள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இந்த அக்காவிடம் போய் அழுவதா?

“உன்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து கேட்ட பாரு, அதுவும் மனசுல இருக்கு. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்.” எந்த ஊருக்குப் போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

பாரில் சில நாள் மூன்று ஜன்னலும் இருண்டு கிடந்தன. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மாமா வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்கவில்லை. பிறகு திரைக்காரி கண்ணாடித் தொட்டியில் மை சொட்டவிட்டு, அது புகையாக விரிவதைப் படமெடுத்துப் போட்டாள். மழைக்கு இருந்த மவுசு அதற்கு இல்லை. கூட்டம் கொஞ்சம் குறைந்தது, அப்படியே நிலைத்தது.

வேலை மட்டும் அவளுக்குக் குறையவில்லை. வேறொரு பார் முதலாளி சந்தைக் கூட்டம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவள் முதல் நாள் கேமராவை எடுத்துப்போகவில்லை. கடை கடையாக ஏறி இறங்கி, எதற்காக எடுக்கிறாள், எங்கே ஓடும், யார் யார் பார்ப்பார்கள் என்று விவரம் சொல்லிக் கேட்டாள். வெங்காயக்காரர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். “எந்தப் பக்கம் திரும்பினா அழகா இருப்பேன்?” என்றார். “வெங்காயம் இருக்கிற பக்கம்ணே” என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த கடையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண் மட்டும் நிமிராமல், “வேணாம்மா” என்றாள்.

“சரிங்க” என்றாள் திரைக்காரி. மறுநாள் கேமரா முக்காலியைச் சந்தையின் மறுமுனைக்குத் தூக்கிப்போய், அந்தக் கடை தெரியாத கோணமாகப் பார்த்து நிறுத்தினாள்.