சிவப்பு வண்டியும் அடுப்பில் வைத்த பாலும்

எனக்கும் என் கணவருக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு உண்டு. கடையிலோ, வீடு பார்க்கப் போன இடத்திலோ எனக்கு ஒன்று சரியாகப் படவில்லை என்றால், "பாலை அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன்" என்பேன். உடனே அவர் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச வாய் வராது. அவருக்கோ வாய் மூடாது. கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பால்தான் எங்களைக் காப்பாற்றி வந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீர்க்கன்கரணையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனோம். ஆசை என்னுடையது. கீழ்க்கட்டளையில் பள்ளிக்கூட வேன் ஓட்டியே என் பாதி வயது போய்விட்டது. வேனை விற்றபோது, எனக்கென்று தாழ்வாக, இரண்டே கதவு உள்ள ஒரு வண்டி, பின்னால் யாரும் கத்தாத வண்டி வாங்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பணம் தவறான வண்டியில் போனால் எனக்கு இன்னொரு வண்டி கிடையாது.

விற்பவர் ஜல்லி, மணல் வியாபாரி. ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் சொந்த வீடு. ஷெட்டின் நிழலில் சிவப்பாக நின்றது வண்டி. பார்த்ததுமே பிடித்துவிட்டது. அதனாலேயே எனக்குச் சந்தேகமும் வந்தது.

"வாங்க சார், வாங்க! அக்கா, நீங்க உள்ள ஃபேன்ல உக்காருங்க."

நான் உட்காரவில்லை. பானெட் மேல் கை வைத்தேன். நிழலில் நின்ற வண்டி சுட்டது. ஆறிக் கிடந்த என்ஜின்தான் கிளம்பும்போது தன் நோயைக் காட்டும். சூடாக்கி வைத்துவிட்டால் நல்ல பிள்ளை மாதிரி கிளம்பிவிடும்.

"காலைல கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்க்கா" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

பானெட்டைத் திறந்தார். உள்ளே எல்லாம் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் போலப் பளபளத்தது. ஓடுகிற வண்டியில் கொஞ்சமாவது தூசியும் பிசுக்கும் இருக்கும். இப்படிக் கழுவிவிட்டால் எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. நேற்று மாற்றியதாக இருக்கும். அதுவும் எதையும் சொல்லவில்லை.

ஸ்டார்ட் செய்யச் சொன்னது என் கணவர்தான். நான் சைலென்சர் பக்கம் போய் நின்றேன். புகை இல்லை. ஆனால் அந்தச் சத்தம்! நான் எதற்கு வந்தேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

"இன்னா சவுண்டு பாருங்க சார்! சிங்கம் மாரி கீது!"

"சிங்கமேதான்" என்றார் என் கணவர். அதற்குள் இருவரும் பழைய சிநேகிதர்கள் போல ஆகியிருந்தார்கள்.

கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சாம்பிராணி வாசனை மூக்கில் ஏறியது.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போட்ருவோம்க்கா."

வெள்ளிக்கிழமை போட்ட சாம்பிராணி ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு தூக்கலாக மணக்காது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. மழைக்காலத்தில் காயாத துணியின் வாசனை. கால் மிதி புதிது, சீட் உறை புதிது. யாரும் மாற்ற நினைக்காதது சீட் பெல்ட். அதை மெதுவாக இழுத்தேன். கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசிப் பகுதியில் காய்ந்த சேறு. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

வெளியே வந்தேன். என் கணவர் முன்பணக் கவரை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டிருந்தார்.

"ஏங்க, பாலை அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னிக்கு நீ எங்க பால் வாங்குன? காலைல வரக்காப்பிதானே குடுத்த?"

விற்பவர் சிரித்தார். "அக்காக்கு வூட்டு ஞாபகம் சார்."

"பாலுங்க" என்றேன் மறுபடியும்.

"கேஸை நான்தான் மூடினேன். பயப்படாத."

கவர் பாதி வெளியே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நானே வாயைத் திறந்தேன்.

"இந்த வண்டி தண்ணில நின்னுச்சா?"

விற்பவர் அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார். "இன்னாக்கா நீங்க? ஏரி ரொம்புனா இந்தத் தெருல எதுதான் நிக்கல? டயர் வரைக்கும்தான்க்கா வந்துச்சு."

"டயர் வரைக்கும் வந்த தண்ணி பெல்ட்டுக்குள்ள எப்படிப் போச்சு?" விரலில் ஒட்டியிருந்த சேற்றைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "ஒயரிங் புல்லா மாத்தியாச்சு சார்" என்றார், குரலைத் தாழ்த்தி.

கவர் மெதுவாகப் பைக்குள் திரும்பிப் போனது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது என் கணவர் மேடவாக்கத்தில் ஒரு கடை முன்னால் நிறுத்தி, ஒரு பால் பாக்கெட் வாங்கி என் கையில் கொடுத்தார்.

"இனிமே நீ பால்னு சொன்னா சத்தியமா கெளம்பிடுவேன்."

நான் தலையாட்டினேன். ஆனால் நம்பவில்லை.