காலி சீட்டுக்குப் பக்கத்தில் நாற்பது நாள்

எண்பதுகளின் பின்பாதியில் நான் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. அப்போது என்னால் தூங்க முடிந்த இடங்கள் இரண்டு. ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை போகும் பஸ். இன்னொன்று, என் ஆபீஸ் மேஜை. வீட்டுக் கட்டில் அந்தப் பட்டியலில் இல்லை.

பஸ் தூக்கம், டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைப்பதற்குள் வந்துவிடும். எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதி பஸ் இறங்கும், பூக்கூடைகள் ஏறும், சண்டை நடக்கும். எதற்கும் அசையாமல் கிருஷ்ணன்கோவில் வரை போய்விடுவேன். எதிர்ப் பஸ்ஸில் திரும்பும்போது இன்னொரு குட்டித் தூக்கம். மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டை எட்டும்போது முகம் பூத்திருக்கும். விடியற்காலம் நான்கு மணி வரை அது வாடாது. தத்துவம் படித்தால் தூக்கம் வரும் என்றார்கள். படித்தேன். தத்துவம் புரிந்துவிட்டது.

விளைவு பகலில் தெரிந்தது. ஒரு நாள் மூன்று மணிக்கு, வருகைப் பதிவேட்டில் பேனாவை ஊன்றியபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது பதினாலு பேருடைய ஆஜர் ஒரு நீலக் குளத்துக்குள் போயிருந்தது. கரையில் மேனேஜர் நின்றிருந்தார். கோபம் வந்தால் தெலுங்கும், யோசனை வந்தால் தமிழும் பேசுகிறவர்.

“ஏமய்யா, நித்ரா?” என்றார். பிறகு குளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். அதுதான் பயமாக இருந்தது.

“நைட் ஷிப்ட் டைம்கீப்பர் நாப்பது நாள்ல ரிட்டயர் ஆகாரு. அதுக்குள்ள இன்னொருக்க கண்ண மூடுனீருன்னா அந்த நாற்காலி உமக்குத்தான். ராத்திரி சும்மாதான முழிச்சிருக்கீரு, அத இங்க வந்து முழிச்சிரும்.”

வீட்டில் சொன்னேன். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள்.

“நீங்க நைட் ஷிப்ட் போனா, வாசப்படியிலதான் ரெண்டு பேரும் பாத்துக்கிடணும். நீங்க உள்ள வாரப்ப நான் வெளிய போவேன்” என்றாள். சிரிக்காமல் சொன்னாள். பிறகு, “உங்களுக்குத் தூக்கம் இல்லாம இல்ல. அம்புட்டையும் பஸ்ல செலவழிச்சிட்டு வீட்டுக்கு வெறுங்கையோட வாரீய” என்றாள்.

நாற்பது நாள் சவால் அப்படித்தான் பிறந்தது. பஸ்ஸில் உட்காரக் கூடாது. நான்கு மணிக்கு மேல் காப்பி கிடையாது. ஒன்பதரைக்கு விளக்கை அணைக்க வேண்டும், புத்தகம் அடுத்த அறையில் இருக்க வேண்டும். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். நான் ஒழுங்காக இருந்த நாளின் தாளை மட்டும் அவள் காலண்டரிலிருந்து கிழிப்பாள். தவறினால் அது மறுநாளும் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் “தேதி கிழிக்கலையா?” என்று கேட்பார்கள்.

காப்பியை விட்டதில் தலை வலித்தது. ஆனால் கால்களின் வலிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

“சார், ஜன்னல் சீட்டு சும்மா கெடக்கு” என்றார் கண்டக்டர், முதல் நாள்.

“இருக்கட்டும், நிக்கேன்.”

இரண்டாம் நாளும் சொன்னார். மூன்றாம் நாள் சொல்லவில்லை, பார்த்தார். பள்ளத்தில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் என் முகத்தையே கவனித்தார். ஆறாம் நாள் டிக்கெட்டைக் கிழித்தபடி குனிந்து, “கருணக்கெழங்கு நல்லது சார்” என்றார்.

எனக்கு மூலம் என்று பஸ் முழுக்க முடிவாகியிருந்தது. பேண்டேஜ் துணி ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, “துத்தி எலைய வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டுங்க. எங்க வீட்ல அவியளுக்கு அதுலதான் கேட்டுச்சு” என்று, நான் பார்த்தேயிராத தன் கணவரின் அந்தரங்கத்தை எனக்குத் தைரியம் சொல்வதற்காக வெளியிட்டார்.

மறுத்திருக்கலாம். மறுத்தால் வேலை நேரத்தில் தூங்கி எச்சரிக்கை வாங்கியதைச் சொல்ல வேண்டும். அந்த பஸ்ஸில் பாதிப் பேர் மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்கள். அவர்களிடம் அதைச் சொல்வதைவிட மூலம் கௌரவமாகத் தெரிந்தது.

“இப்ப தேவல” என்றேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மறுநாள் கருணைக்கிழங்குக் குழம்பு வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள், கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி யாருடைய தக்காளிக் கூடையிலோ சாய்ந்தேன். அன்றைய தாள் தொங்கியது. பிறகும் ஒரு தாள் தொங்கியது, அது காப்பியால். பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ, விளக்கை அணைத்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது பால்காரரின் மணிச் சத்தம். இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த தூக்கத்தை, வந்தபோது நான் பார்க்கவில்லை. அதுவரை ஆபீஸில் கிள்ளிக் கிள்ளித் திறந்து வைத்த கண், அதற்குப் பிறகு தானாகவே திறந்திருந்தது.

நாற்பதாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே தமிழ்.

“உக்காரும்” என்றவர், “வேண்டாம், வேண்டாம். நில்லும்” என்றார். செய்தி மில்லுக்கும் வந்திருந்தது. “நைட் ஷிப்ட்ல எட்டு மணி நேரம் உக்காந்தே கெடக்கணும். ஒம்ம ஒடம்புக்கு ஆகாது. வேற ஆளப் போட்டாச்சு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், நான் இப்ப பகல்ல தூங்குறதே இல்ல. நீங்க பாத்திருப்பீங்க.”

“வலி இருந்தா எப்படிய்யா தூக்கம் வரும்?” என்றார் அனுதாபத்தோடு.

நாற்பது நாள் முடிந்துவிட்டது, உட்காரலாம் என்று அன்று மாலை பஸ் ஏறினேன். ஜன்னல் சீட்டு காலி. கண்டக்டர் பார்த்தார். துத்தி இலை அம்மாவும் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வருஷக்கணக்கில் நின்றேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் விழித்திருந்ததே இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு நாள், ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு மனைவியும் அதே பஸ்ஸில் ஏறினாள். இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கண்டக்டர் வந்தார்.

“என்னம்மா, சாருக்கு இன்னும் கொணமாகலையா?”

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க கொணமாச்சு, அப்படியேதான் இருக்கு” என்றாள். பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்து, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போனாள். மடவார் வளாகத்தில் நான்தான் எழுப்பினேன்.