விடியலில் மேலே வந்த மீன்கள்

என் வீட்டுக்காரர் ராஜாராமன் மீன் சாப்பிடுகிறவர் இல்லை. இத்தனை வருஷம் கல்கத்தாவில் இருந்தும், மீன் கடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிற ஆசாமி. அவர் மீன் மேல் பைத்தியமாக இருந்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கூட இருந்து பார்த்தவள் நான்.

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்குப் பின்னால் எங்கள் காலனி. அதற்கும் பின்னால் ஒரு நீர்த்தேக்கம். அதிலிருந்து தண்ணீரை இறைத்து, வடிகட்டிக் குழாய்களுக்கு அனுப்பும் பம்ப் ஹவுஸில் இவருக்கு வேலை. விடியுமுன் போய் மோட்டார் போடவேண்டும். தண்ணீர் வந்தால் யாரும் இவரை நினைக்கமாட்டார்கள். வராவிட்டால் வாசலில் வந்து நின்று கத்துவார்கள். இவர் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் பக்கத்து வீட்டு ஹரேன் தா, அதாவது ஹரேன் அண்ணா, நாலு பேரைச் சேர்த்து ஒரு மீன் சொசைட்டி ஆரம்பித்தார். மூங்கிலும் பிளாஸ்டிக் பீப்பாயும் கட்டி, தேக்கத்தின் கரையோரமாக வலைக் கூண்டுகளை மிதக்கவிட்டார். ஒவ்வொரு கூண்டிலும் மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சொசைட்டி ஆட்கள் எட்டு மணிக்கு மேல்தான் வருவார்கள் என்பதால், காலைத் தீனியை மட்டும் இவர் போடட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். இவரும் தலையாட்டிவிட்டார்.

ஆவணியில் ஒரு நாள் காலை வீட்டுக்கு வந்தவரின் முகமே வேறாக இருந்தது.

"என்னைப் பாத்ததும் அத்தனையும் மேல வரதுகள் தமயந்தி. வாயைத் தொறந்து தொறந்து என்னமோ சொல்றதுகள்."

"என்ன சொல்றதாம்?"

"தெரியலை. ஆனா என்னை நன்னா அடையாளம் தெரியறது."

அதற்குப் பிறகு தினமும் அதே பேச்சு. தண்ணீர் மேல் வெள்ளையாக மூட்டம் படிந்திருக்குமாம். யார்டில் எங்கோ ஒரு எஞ்சின் மெல்லக் கூவுமாம். மூங்கில் மேல் இவர் குந்தினால், சின்னச் சின்ன வட்ட வாய்கள் மூட்டத்துக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்குமாம், முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தத்தோடு. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிடுமாம். அதைச் சொல்லும்போது கல்யாணத்தன்று பார்த்த முகம் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பசியோடு வருகின்றனவே என்று இவருக்கு மனசு கேட்கவில்லை. கொடுத்த தீனி ஒரு படி என்றால் இவர் போட்டது ஒரு வாளி. அதோடு விட்டாரா? கடையில் முரி என்கிற அரிசிப் பொரி வாங்கிப் போட்டார். என் ஆறிப்போன இட்லிகளும் அங்கேதான் போயின. எத்தனை போட்டாலும் மறுநாள் இன்னும் அதிக வாய்கள் வந்தன.

இதற்கிடையில் தேக்கம் பச்சையாகிக்கொண்டு வந்தது. குழாய்த் தண்ணீரில் சேற்று வாடை. லேக் மார்க்கெட்டிலிருந்து வரவழைத்த நல்ல காபிப்பொடி, டிகாக்ஷன் போட்டால் குடிக்க முடியவில்லை. காலனிக்காரர்கள் மறுபடி வாசலுக்கு வந்து கத்தினார்கள். இவர் வடிகட்டியைக் கழுவிக் கழுவி அலுத்தார்.

மஹாளய அமாவாசைக்கு முன்னால் இரண்டு நாள் வானம் இருண்டே கிடந்தது. அமாவாசையன்று விடியலில் தர்ப்பணம் செய்யக் காலனியே தேக்கத்தின் கரைக்குப் போனது. ஹரேன் தாவும் வந்திருந்தார். இவர் பெருமையாக அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்: என் மீன்களைப் பாருங்கோ, என்னைத் தேடி வரதுகள் என்று.

ஹரேன் தா தலையில் கைவைத்துக்கொண்டாராம். பாதி மீன்கள் அதற்குள் மல்லாந்திருந்தன.

எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் அவர் விளக்கினார். வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "உங்களைப் பார்க்க வரவில்லை ராஜாராமன் பாபு. மூச்சு முட்டி வருகின்றன. தின்னாத தீனியும் கழிவும் அடியில் அழுகி, தண்ணீரில் இருக்கிற காற்றை ராத்திரியெல்லாம் தின்றுவிடுகிறது. வெயில் வந்தால்தான் பச்சைப் பாசி அந்தக் காற்றைத் திருப்பிக் கொடுக்கும்; இரண்டு நாளாக வெயிலே இல்லை. வெளியே திரிகிற மீன் நல்ல தண்ணீர் தேடிப் போய்விடும். கூண்டு மீன் எங்கே போகும்?"

"நான் போட்ட தீனியாலதானா?" என்று கேட்டார் இவர்.

"கூண்டை நெருக்கிப் போட்டது நான். ஆனால் அதுவும்தான்."

அன்று இவர் சாப்பிடவில்லை. மீன் வாடை பட்டாலே குளிக்கிற மனுஷன், இடுப்பளவு தண்ணீரில் நின்று, செத்ததை எல்லாம் தன் கையால் அள்ளி வெளியே போட்டார். கூண்டுகளைக் குறைத்து, மிச்சத்தை ஆழமான பக்கத்துக்கு இழுத்தபோது கயிற்றில் இவர் கையும் இருந்தது. தீனியைச் சொசைட்டி ஆட்களே வெயில் வந்தபிறகு அளந்து போட்டார்கள். இவர் மட்டும் விடியலில் போய்ப் பார்ப்பதை விடவில்லை. வாய்கள் மேலே வரும். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வாய்கள் தினமும் கொஞ்சம் குறைகின்றன என்பார்.

தீபாவளி கழிந்து ஒரு காலை. காபியில் வாடையே இல்லை. இவர் டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு ஒண்ணுகூட மேல வரலை."

"நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுல ஒண்ணாவது நெஜமாவே என்னைப் பாக்க வந்திருக்கும்னு நெனச்சுண்டிருந்தேன்."

ஆறிப்போன காபியை எடுத்துப்போய் மறுபடி சுடவைத்துக் கொண்டுவந்தேன்.

மறுநாள் விடியுமுன் இவர் கிளம்பும்போது நானும் செருப்பை மாட்டினேன்.

"இருட்டுல நீ எதுக்கு?" என்றார்.

"உங்களைப் பாக்கத்தான்" என்றேன்.