முதல் சன்னம்

என் கையால் நான் வார்த்த சன்னங்கள் மொத்தம் நூற்றுப் பதினாறு. சன்னம் என்றால் துவக்குக்குள் போட்டுச் சுடும் ஈயக் குண்டு. மன்னாரில் அப்படித்தான் சொல்வோம். அவற்றில் நூற்றுப் பதினைந்து டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் கடதாசி இலக்குகளைத் துளைத்துக்கொண்டு மண்மேட்டுக்குள் போய்விட்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. முதலாவதை நான் தபாலில் அனுப்பினேன்.

எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆனால் காலையில் மூன்று மாத்திரை, இரவில் இரண்டு. வீட்டுப் படிகள் பதினேழையும் ஏறி முடிக்க நடுவில் ஒருமுறை நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் என்னைக் கிழவர் என்கிறார்கள், டேனிஷ் மொழியில். நான் மறுப்பதில்லை. அன்று சுவாசித்த ஈயப்புகை இன்று ஏதும் செய்யுமோ என்று இரண்டு தடவை இரத்தம் சோதித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றார் டொக்டர். மூன்றாம் தடவை கேட்டபோது சிரித்தார். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அப்பாவும் நானும் மட்டும் டென்மார்க்கில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அம்மாவும் தங்கச்சியும் மன்னாரில். அவர்களைக் கூப்பிட அப்பா விண்ணப்பம் போட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பிறகு டேனிஷ்காரர்கள் அந்த வருஷங்களுக்குத் தமிழர் வழக்கு என்று பெயர் வைத்துப் பேசினார்கள், விண்ணப்பங்கள் ஏன் நகரவில்லை என்று விசாரித்தார்கள், எழுதினார்கள். அப்போது எங்களுக்கு அதற்குப் பெயர் இருக்கவில்லை. பொறுத்திருக்கிறோம் என்று மட்டும் தெரியும்.

ஊரில் அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். இங்கே ஓர் இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறையில் பெட்டி அடுக்கினார். எண்ணுகிற பழக்கம் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் சின்னப் பிள்ளைக்கான குளிர்ச் சப்பாத்து இரண்டு சோடி இருந்தது. தங்கச்சியின் பாதத்தைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அம்மா அனுப்புவார். அந்த அளவுக்கு அப்பா சப்பாத்து வாங்குவார். முதல் சோடி இருபத்தைந்தாம் இலக்கம். அது போடப்படாமலே சின்னதாகிவிட்டது. இரண்டாவது இருபத்தேழு. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டையும் துணியால் துடைத்து வைப்பார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறதென்று கோபன்ஹேகனில் இருந்த கந்தோருக்குக் கடிதம் எழுதுவோம். அப்பா தமிழில் சொல்ல நான் எனக்குத் தெரிந்த டேனிஷில் எழுதுவேன். பக்கத்து வீட்டுக்காரர் பிழை திருத்துவார். பிறகு நான் நல்ல எழுத்தில் பிரதி எடுத்து, உறையில் விலாசம் எழுதி, பின்பக்கத்தில் எங்கள் விலாசத்தையும் எழுதுவேன். அனுப்பியவர் விலாசம் இல்லாத கடிதம் அநாதை என்பது அப்பாவின் கொள்கை. அந்தக் கந்தோரிலிருந்து ஒரே ஒரு பதில் வந்திருந்தது, முதல் மாதத்தில். விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு வரி. தலைப்பில் அரசர்கள் தலையில் வைக்கும் முடி ஒன்று அச்சிட்டிருந்தது. அந்த முடியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரை நாங்கள் நாபோ என்றே கூப்பிட்டோம். டேனிஷில் அயலவர் என்று பொருள். எழுபத்தொரு வயது. தேவாலயக் கூரைகளுக்கு ஈயத்தகடு அடிக்கும் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். கழித்துப்போட்ட பழைய தகடுகள் அவருடைய கொட்டிலில் குவிந்து கிடந்தன. சனிக்கிழமை பின்னேரங்களில் அவற்றை உருக்கி, தன் பழங்காலத் துவக்குக்குச் சன்னம் வார்ப்பார். ஊரில் துவக்குச் சுடும் சங்கம் ஒன்று இருந்தது. அதில் அவர் மூத்த உறுப்பினர். கடிதம் திருத்தித் தருவதற்குக் கைம்மாறாக நாங்கள் அவருக்கு உதவப் போனோம்.

முதல் நாள் அப்பா கொட்டிலுக்குள் கால் வைக்கவில்லை. கதவடியிலேயே நின்றுகொண்டு, "இது ஆரைச் சுட எண்டு கேள் தம்பி," என்றார். நாபோ கடதாசியை என்று சொல்லி, ஓட்டை விழுந்த இலக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். அப்பா அதை வாங்கி ஓட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "கடதாசி எண்டால் சரி," என்று உள்ளே வந்தார்.

புதிதாக வார்க்க வருகிறவர்களுக்கு நாபோ சொல்லும் விதிகள் சில இருந்தன. முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் சொல்வார். இது தேவாலயக் கூரை ஈயம், முந்நூறு வருஷம் பிரசங்கம் கேட்டது, அதனால் இதன் முன்னால் டேனிஷில் மட்டுமே பேச வேண்டும், அதுவும் மெதுவாக. வார்க்கிறவன் இடது காலுறையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். வார்த்த சன்னங்களைக் கம்பளித் துணியில் மூக்கு மேற்கே பார்க்கப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடும்போது சுவீடன் பக்கம் திரும்பிவிடும். சூடாக இருக்கும்போது எண்ணக்கூடாது, எண்ணினால் ஒன்று குறையும். உருகிய ஈயத்தின் கிட்ட ஒரு துளி தண்ணீர் வரக்கூடாது, வந்தால் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

இதில் கடைசி ஒன்றுதான் உண்மை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார், நானும் ஒரே குரலில் மொழிபெயர்த்தேன். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கதவில் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் கடிதம் தரமாட்டார்கள், பின்னேரம் வெளிச்சம் குறைந்தால் சைக்கிளில் விளக்கில்லாமல் போகக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக்கூடாது என்றெல்லாம் கேட்டு நடந்துகொண்டிருந்த எங்களுக்கு, ஒரு காலுறையைப் புரட்டிப் போடுவது பெரிய காரியமாகப் படவில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா சப்பாத்தைக் கழற்றி இடது காலைக் காட்டினார். நாபோ பார்த்துவிட்டு மிகச் சரி என்றார். பிறகு திரும்பி நின்று நெடுநேரம் இருமினார்.

எண்ணக்கூடாது என்பதுதான் அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. உதடு அசையாமல் எண்ணுவார். கரண்டியைத் தொடுமுன் சிலுவை அடையாளம் போடுவார். அதைப் பார்த்த நாபோ தன் விதிகளில் அதையும் சேர்த்துக்கொண்டு, சங்கத்துக்கு வந்த புதியவர்கள் எல்லோருக்கும் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அந்த மாசி மாதத்தின் முதல் சனிக்கிழமை, அப்பா தொழிற்சாலையில் மேலதிக வேலைக்கு நின்றுவிட்டார். நான் தனியாகப் போனேன். இன்றைக்கு நீ வார்க்கலாம் என்றார் நாபோ. கையுறை முழங்கைவரை வந்தது. சட்டியில் உருகிய ஈயத்துக்குள் மெழுகுத் துண்டு ஒன்றைப் போட்டுக் கலக்கி, மேலே திரண்ட அழுக்கை வழித்தெடுத்தார். ஈயம் கண்ணாடிபோல ஆனது. என் கைமேல் அவர் கை வைத்துக் கரண்டியை அச்சுக்குள் சரித்தோம். அச்சின் பிடிகளைப் பிரித்து மரக்கட்டையால் தட்ட, துணியில் விழுந்தது என் சன்னம். பெருவிரல் நுனி அளவு. அச்சு போதிய அளவு சூடாகவில்லை, அதனால் உடம்பெல்லாம் சுருக்கம். முதலாவது எப்போதும் அப்படித்தான் வரும், திரும்பச் சட்டிக்குள் போடுவார்கள்.

எனக்கு முகம் வாடியிருக்க வேண்டும். நாபோ அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, புதியவனின் முதல் சன்னத்தை உருக்கக்கூடாது, அது மகாராணிக்குச் சேரவேண்டியது என்றார். பழைய வழக்கமாம். உறையில் போட்டுப் பெயரும் எழுதி அனுப்பினால், மகாராணி அதை ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, அனுப்பியவன் கேட்பதில் ஒன்றைச் செய்து கொடுப்பாராம். தான் சிறுவயதில் அனுப்பிச் சைக்கிள் வாங்கியதாகவும் சொன்னார். சைக்கிள் வெளியே நின்றது. போகும்போது தொட்டுப் பார்த்தேன்.

ஞாயிறு முழுவதும் யோசித்தேன். மகாராணியின் விலாசம் எனக்குத் தெரியாது. ஆனால் முடி போட்ட கடிதம் எங்களுக்கு வந்த ஒரே இடம் அந்தக் கந்தோர். அதன் விலாசத்தைப் பதினான்கு தடவை எழுதியவன் நான். அப்பா பின்னேரம் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சமையலறைத் தராசில் சன்னத்தை வைத்தேன். முப்பத்திரண்டு கிராம். பாரத்துக்கு ஏற்ற முத்திரை ஒட்டாவிட்டால் கடிதம் திரும்பி வரும் என்று அப்பா சொல்லித் தந்திருந்ததால், ஒன்று போதுமா இரண்டு போதுமா என்று குழம்பி, ஐந்து ஒட்டினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன். டொக் என்று விழுந்தது.

வியாழக்கிழமை அம்மாவுக்குக் கடிதம் போட முத்திரைத் தாளை எடுத்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"ஐஞ்சு குறையுது."

நான் ஒளிக்கவில்லை. எனக்கு அது நல்ல செய்தி. இனி அம்மா வந்துவிடுவார் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கதிரையில் இருந்தார். என்ன எழுதினாய் என்று கேட்டார். எனக்கு மனப்பாடமாக இருந்தது, சொன்னேன். அன்புள்ள மகாராணி, இது நான் செய்த முதல் சன்னம். எங்கள் கோப்பு இலக்கம் இது. தயவுசெய்து அம்மாவையும் தங்கச்சியையும் அனுப்பவும். தேவையென்றால் இன்னும் அனுப்பலாம், எங்களிடம் நாற்பத்திரண்டு இருக்கிறது.

அப்பா என்னை அடிக்கவில்லை. சப்பாத்துப் போடாமல், காலுறையோடு பனிக்குள் இறங்கி நாபோவின் கதவைத் தட்டினார். நான் பின்னால் ஓடினேன், மொழிபெயர்க்க வேண்டுமே. நாபோ முதலில் வாய்விட்டுச் சிரித்தார். இன்னும் நாற்பத்திரண்டு என்று நான் சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றது. கோபன்ஹேகனுக்குத் தொலைபேசி எடுத்து, இது தன்னுடைய முட்டாள் பகிடி என்று சொல்லப்போவதாக எழுந்தார்.

"வேண்டாமெண்டு சொல்லு," என்றார் அப்பா. "தமிழன் சன்னம் அனுப்பியிருக்கிறான் எண்டுதான் அவைக்கு விளங்கும். மிச்சம் ஒண்டும் விளங்காது. அதுக்குப் பிறகு உன்ரை அம்மா வரமாட்டா."

நாபோ ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பொலிஸ் வந்தால் காட்ட. அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார், பூசைக்குப் போனார். தெருவில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் கை தானாகப் பைக்குப் போகும். கொட்டிலுக்குப் போவது நின்றது. கடிதம் திரும்பி வந்துவிட்டதா என்று வேலையால் வந்தவுடன் பெட்டியைத் திறந்து பார்ப்பார். சரியான முத்திரை, சரியான விலாசம். திரும்பி வர நியாயமில்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியும் பார்ப்பார். இடையில் அம்மாவிடமிருந்து மூன்றாவது பாதம் வந்தது. அப்பா அதை இருபத்தேழாம் இலக்கச் சப்பாத்தின் அடியில் வைத்துப் பார்த்தார். விரல்கள் வெளியே நின்றன.

பொலிஸ் வரவில்லை. அம்மாவும் தங்கச்சியும் வந்து சேர்ந்தது அதற்கு இரண்டு வருஷமும் நான்கு மாதமும் கழித்து. அப்போதும் சன்னத்தைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இந்த வயதில் நினைக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது சன்னம் அனுப்பிய அந்த மாசியின் கடைசிச் சனிக்கிழமையை. நாபோ வெதுப்பகத்திலிருந்து இனிப்புப் பண்டம் வாங்கிக்கொண்டு வந்தார். ஆறு. முகம் தெளிந்திருந்தது. இவ்வளவு நாளும் ஒருவரும் வரவில்லை, இனி வரமாட்டார்கள், தப்பிவிட்டோம் என்றார். நான் சந்தோஷமாக மொழிபெயர்த்தேன். அப்பா கோப்பியை ஊற்றி அவர் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு விஷயம் கேட்கச் சொன்னார்.

"கடிதத்துக்குள்ளை அவ்வளவு பாரமான சாமான் கிடந்தால், திறக்கிற ஆள் காணாமல் விடுமோ எண்டு கேள்."

கேட்டேன். முடியவே முடியாது என்றார் நாபோ. உறையைக் கிழித்தவுடன் மேசையில் விழுந்து உருண்டிருக்கும்.

அப்பா தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்புப் பிரிக்காமலே நாபோவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அது போய்ச் சேர்ந்திட்டுது. ஆனால் ஒருத்தரும் திறக்கேல்லை எண்டு சொல்லு."

நான் அதைத்தான் மிக உற்சாகமாகச் சொன்னேன், வெற்றிச் செய்தி சொல்வதுபோல. நாபோ கோப்பியைக் குடிக்கவில்லை. பண்டத்தையும் தொடவில்லை. அப்பாவும் தொடவில்லை. ஆறில் நான்கை நான் தின்றேன்.

மறுநாள் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து வந்து, வழக்கம்போல மேசையைத் துடைத்து, பேனாவையும் எழுதும் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பா யன்னலடியில் நின்றார். பதினைந்தாவது கடிதம் எப்போது என்று கேட்டேன்.

"இனி வேண்டாம் தம்பி. நீ போய் விளையாடு."

நான் செய்த பிழையை அப்பா மன்னித்துவிட்டார், அதோடு பிரதி எடுக்கிற வேலையும் ஒழிந்தது என்று நினைத்தேன். இடது காலுறையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு நாபோவின் கொட்டிலுக்கு ஓடினேன். நெடுநாளைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த மிக நல்ல ஞாயிற்றுக்கிழமை அது.